அம்மை குத்துகிறவரை நான் வேட்டையாடிய விவரம்

செஞ்சி,
12-3-1964

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணன் ஜகபர் அலி அவர்களுக்கு, தங்கை தாஹிரா சலாம் சொல்லி எழுதிக்கொண்டது.

இங்கே நானும், உங்கள் மச்சானும், மாமியும், ஓர்ப்படி மெஹர் பானுவும், அவள் மகன் ஹுசைனும், உங்கள் மருமகனான என் மகன் சர்தாரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். அங்கே நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் அதைவிட ஒரு படி கூடுதலாகச் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன்.

நோன்பு ஆரம்பித்த வாரம் வந்த உங்கள் பார்சலுக்கு, நோன்பு முடிந்து, பெருநாள் முடிந்து, பெருநாள் துணி வெளுக்கப் போய் வந்தபின் பதில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். ஐந்து முறை எழுத உட்கார்ந்தேன். இன்லண்டு போதுமா, கவர் வேண்டுமா என்று முதல் முறை தீர்மானமாகவில்லை. கவர்தான் என்று தீர்மானமானபோது மை தீர்ந்துவிட்டது. மை வந்தபோது சர்தார் இருமினான். அது இருமலா, தொண்டையில் சோற்றுப் பருக்கையா என்று பார்த்துக்கொண்டிருந்ததில் மாசி மாதம் வந்துவிட்டது. இனி இப்படி நடக்காது. இந்தக் கடிதத்தை எழுதுவது நீங்கள் அறிந்த பழைய தாஹிரா அல்ல. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பார்சலில் என் காலேஜ் விலங்கியல் நோட்டுகளைக் கட்டி, மேலே நீங்கள் ஒரு துண்டுக் காகிதம் வைத்திருந்தீர்கள்: "பி.எஸ்ஸி. படிக்க வைத்த தங்கைக்கு. பிள்ளைக்கு அம்மை குத்துவதா வேண்டாமா என்று நீ எழுதும் எட்டாவது கடிதம் கிடைத்தது. மூன்று வருஷம் புலியையும் பருந்தையும் படித்தாயே, அவை உன்னை மாதிரி யோசித்திருந்தால் இந்நேரம் காட்டில் மான்கள்தான் மிச்சம் இருக்கும். என்னைக் கேட்காதே, அவற்றைக் கேள்." படித்ததும் அழுகை வந்தது. அழுதுவிட்டு நோட்டைப் பிரித்தேன். பருந்து நான் வரைந்ததுதான். இப்போது பார்த்தால் குடை மாதிரி இருக்கிறது. கீழே எங்கள் விரிவுரையாளர் அம்மா சொல்லச் சொல்ல எழுதிய குறிப்பு: வேட்டை விலங்கு கூட்டத்தில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும், தேர்ந்தபின் இன்னொன்றைத் திரும்பிப் பார்க்காது, பல தடவை பாய்ந்து ஒரு தடவைதான் கிடைக்கும், அதற்காகப் புலி உட்கார்ந்து விசனப்படுவதில்லை. பரீட்சைக்கு இதை மனப்பாடம் செய்து எழுபத்தொன்று வாங்கினேன். பாடத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வரவில்லை.

அண்ணனுக்கு என் சுபாவம் தெரியும். சென்ற ஐப்பசியில் உங்கள் மச்சான் சர்தாரைத் திண்டிவனத்தில் தன் பெரியம்மாவுக்குக் காட்டக் கொண்டுபோய் வந்தார். வந்த நாலாம் நாள் பிள்ளைக்குக் கையில் கொசு கடித்துக் கட்டியாகிக் காய்ச்சல் வந்தது. அதற்குத் திண்டிவனத்துக் கொசுக்களைப் பற்றிப் பதினொரு பக்கம் எழுதியவள் நான். அப்படிப்பட்டவள் பெற்ற பிள்ளையின் கையை ஒரு ஊசிக்கு நீட்டுவதென்றால் எத்தனை யோசனை வரும்! பெரியம்மைத் தடுப்புக்கு அம்மை குத்துகிற இளையபெருமாள் எங்கள் தெருவுக்கு நாலு தடவை வந்தார். முதல் தடவை சர்தாருக்குச் சளி. இரண்டாம் தடவை சளி இல்லை, ஆனால் ஒரு தும்மல் தும்மினான். மூன்றாம் தடவை நான் தயார். அப்போதுதான் என் ஓர்ப்படி குறுக்கே வந்தாள். அவளுக்குக் காய்ச்சல் என்றாலே பயம், குத்தினால் இரண்டு நாள் காய்ச்சல் வரும். "நல்லா ஆடிக்கினு இருக்கற புள்ளைக்கு, கதவத் தொறந்து வுட்டு நோவ உள்ள கூப்புடறதா? எம் புள்ளைக்கு வேணாம். நீ ஒம் புள்ளைக்கு இன்னா வேணா பண்ணிக்கோ" என்றாள். பண்ணிக்கொள்ள முடியுமா? இந்த வீட்டில் மாமி போட்ட சட்டம் ஒன்று இருக்கிறது. சர்தாரும் ஹுசைனும் இரண்டு மாத இடைவெளியில் பிறந்தவர்கள். ஒருவனுக்கு நடப்பது எதுவும் மற்றவனுக்கும் நடக்க வேண்டும். பெருநாள் சட்டை ஒரே பீஸில். முடி இறக்கியது ஒரே நாளில், ஒரே தர்காவில், ஒரே கத்தியில். ஒருவனுக்கு வயிற்றுப்போக்கு என்றால் இரண்டு பேருக்கும் ஓமத் தண்ணீர். "ஒண்ணுக்கு குத்தி இன்னொண்ணுக்கு குத்தாம, அதெல்லாம் இந்த வூட்ல கெடையாது" என்று மாமி சொல்லிவிட்டார். நாலாம் தடவை நான் கதவுக்குப் பின்னால் நின்று யோசித்துக்கொண்டே இருந்தேன். வெளியே சாக்பீஸ் சத்தம் கேட்டது. திறந்து பார்த்தால், "இரண்டு குழந்தை. மறுப்பு" என்று கதவில் எழுதியிருந்தது. உங்கள் மச்சானிடம் காட்டினேன். மல்லாட்டை மண்டியிலிருந்து வந்த களைப்பில் அவர் பேப்பரை இறக்காமலே, "பாக்கலாம்" என்றார். அவர் எதற்கும் "பாக்கலாம்" என்றுதான் சொல்வார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பேப்பரைப் பறித்து அடுப்பில் போட்டிருப்பேன். போடுவதா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் அவர் படித்து முடித்துவிட்டார்.

அன்றிலிருந்து வேட்டையாடும் ஜீவன்களைக் கவனிப்பதே என் வேலையாயிற்று. கறிக்கடைக்கு மேலே வட்டமிடும் பருந்து, செட்டிக்குளத்தில் ஒற்றைக் காலில் நிற்கிற கொக்கு, எங்கள் சமையலறை மூலையில் இருக்கிற பல்லி, ஒன்றையும் விடவில்லை. கொக்கும் என்னைப் போலத்தான் அசையாமல் நிற்கிறது. ஆனால் அது மீனைப் பார்த்து நிற்கிறது, நான் பயத்தைப் பார்த்து நிற்கிறேன். பல்லியிடம் கற்றதுதான் பெரிது. பூச்சியை நோக்கிப் பாய்ந்தபின் அது பாதி வழியில் திரும்புவதில்லை. பிடித்தபின் வாயைத் திறப்பதில்லை. ஒரு சத்தம் போட்டால் பூச்சி போய்விடும் என்று அதற்குத் தெரியும். இதையெல்லாம் பழைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். மாமி பார்த்துவிட்டு, "பல்லியப் பாத்துக்கினு பாலப் பொங்க வுட்டுட்டா" என்று மெஹர் பானுவிடம் சொன்னார். பால் பொங்கியது உண்மை.

இந்த நிலையில்தான் போன திங்கட்கிழமை காலை, பக்கத்துக் கிராமத்திலிருந்து தயிர் கொண்டுவரும் சின்னப்பொண்ணு வந்தாள். வந்தவள் தயிரை ஊற்றிக்கொண்டே, "எங்கூர்ல மூணு வூட்ல வேப்பில சொருகிட்டாங்கம்மா. பெரியம்மை. கோடி வூட்டுப் பொண்ணு முந்தாநேத்து செத்துப் பூட்ச்சு" என்றாள். சொல்லிவிட்டு, தரையில் தவழ்ந்துகொண்டிருந்த ஹுசைனின் மொட்டைத் தலையைத் தடவி, கன்னத்தைக் கிள்ளி, அந்தக் கையால் ஒரு முத்தமும் வாங்கிக்கொண்டாள். என் கையில் இருந்த சொம்பு நழுவியது. "அம்மை குத்தறவரு எங்க சின்னப்பொண்ணு?" என்று கேட்டேன். "அவுரா? இந்த ஊர முடிச்சுட்டாராம். பத்தரை பஸ்சுல போறாரு. இனிமே அடுத்த வருசந்தானாம்." போய்விட்டாள். மாமி பிள்ளைகளுக்குக் கஞ்சி புகட்டித் தூங்க வைக்கும்வரை நான் வழக்கம்போல யோசித்துக்கொண்டு நின்றுவிட்டு நிமிர்ந்தால், அடுப்பங்கரைக் கடிகாரத்தில் பத்தேகால்.

அண்ணன், அந்தக் கால் மணி நேரத்தில் நான் யோசிக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை. குழந்தைகள் இரண்டும் கஞ்சி குடித்துவிட்டுக் கூடத்தில் தூங்கிவிட்டன. மாமி கொல்லையில், மெஹர் பானு குளிக்கிற இடத்தில். ஜன்னல் பக்கம் படுப்பது எப்போதும் சர்தார். ஈ மொய்க்காமல் தலையோடு மூடியிருந்த துணியோடு அப்படியே வாரித் தோளில் போட்டேன். ஆணியில் தொங்கிய துப்பட்டியை இழுத்துப் போர்த்தினேன். ஓடினேன். பாதித் தெரு போனபின்தான் போர்த்தியிருப்பது துப்பட்டி இல்லை, ரோஜாப்பூப் போட்ட ஜன்னல் திரை என்று தெரிந்தது. பாய்ந்தபின் திரும்பக் கூடாது. திரையோடே போனேன்.

பஸ் ஸ்டாண்டில் இளையபெருமாள் தோல் பையை அணைத்துக்கொண்டு மல்லாட்டைக் கடலையை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். நான் தூரத்திலிருந்தே, "நில்லுங்க! நில்லுங்க!" என்று கத்தினேன். அது தப்பு, எந்தப் புலியும் இந்தத் தப்பைச் செய்யாது. மனிதர் நிமிர்ந்து பார்த்தார். ரோஜாப்பூ பறக்க, தோளில் பிள்ளையோடு ஒரு பெண்பிள்ளை தன்னை நோக்கி ஓடி வருவதைக் கண்டதும் மல்லாட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓட ஆரம்பித்துவிட்டார். மல்லாட்டை விற்கிற பூவாயி, "இன்னாம்மா, ஓடறது உன் வூட்டுக்காரனா? வுடாத, புடி! இந்தப் பக்கம் சந்து இல்ல, மாட்டிக்கினான்!" என்று எனக்கு வழி காட்டினாள். அவர் பழக்கூடைகளைச் சுற்றி ஓடினார், நானும் சுற்றினேன். பஸ்ஸில் ஏறினார், நானும் ஏறினேன். கண்டக்டர் தனசேகரன், "ஏறும்மா, ஏறு. குடும்பச் சண்டையெல்லாம் உள்ளார வச்சுக்குங்க, பஸ்சு லேட்டாவுது" என்று விசில் ஊதினான். கடைசி சீட்டில், தப்பிக்க இடமில்லாத மூலையில் அவரைப் பிடித்தேன்.

அவர் இரண்டு கையையும் கூப்பினார். "அம்மா, போன வாரந்தாம்மா ஒரு ஊர்ல தொடப்பக்கட்டையால வாங்கினேன். தோள்பட்ட இன்னும் எறங்கல. கதவுல எழுதினத நானே வந்து அழிச்சுடறேன்."

"ஒண்ணும் அழிக்க வேணாம். இந்தப் புள்ளைக்கு அம்மை குத்துங்க."

அவர் என்னையே பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பதினாலு வருச சர்வீசும்மா. என்னத் தொரத்தினவங்க ஐநூறு பேரு இருப்பாங்க. குத்தறதுக்குத் தொரத்தினது நீங்க ஒருத்தர்தான்."

"டிக்கெட்டு?" என்றான் தனசேகரன்.

"நான் வரல."

"வரலன்னா இன்னாத்துக்கும்மா ஏறின?"

"குத்திட்டு எறங்கிடுவேன்."

பையிலிருந்து அந்தக் கருவி வெளியே வந்தது. திருகாணி மாதிரி, நுனியில் சின்னச் சின்ன முள்ளோடு இருக்கும். அதைக் கண்டதும் இடுப்பில் பிள்ளையோடு நின்ற இரண்டு பெண்கள் பின்வழியாக இறங்கிப் போய்விட்டார்கள். பக்கத்தில் இருந்த பெரியவர் மருந்துக் குழாயைப் பிடித்துக்கொண்டார். டிரைவர் என்ஜினை நிறுத்திவிட்டுத் திரும்பி உட்கார்ந்து பார்த்தார். இளையபெருமாள் எப்போதும் இடது கைதான். சட்டைக் கையை ஏற்றினார், மருந்தைத் தொட்டு வைத்தார், ஒரு திருகு. நான் அவர் விரலைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. பருந்து கீழே இருப்பதைத்தான் பார்க்கும், தன் முதுகில் என்ன இருக்கிறது என்று பார்க்காது.

பிள்ளை விழித்து அழுதது. அண்ணன், சர்தார் அழுதால் லாரி கிளம்புவது போலக் கீழே தொடங்கி மெதுவாக மேலே போகும். இந்த அழுகை எடுத்த எடுப்பிலேயே உச்சியில் இருந்தது. துணியை விலக்கினேன். ஹுசைன்! அதே மொட்டை, அதே சந்தனம், அதே பச்சைக் கட்டம் போட்ட சட்டை. ஜன்னல் பக்கம் வெயில் வந்ததென்று மாமி இருவரையும் இடம் மாற்றிப் போட்டிருக்கிறார். என் ஓர்ப்படியின் பிள்ளைக்கு, அவள் வேண்டாம் என்று சொன்ன பிள்ளைக்கு, ஓடாத பஸ்ஸில் வைத்து அம்மை குத்திவிட்டேன்!

பழைய தாஹிரா என்றால் அங்கேயே மயங்கி விழுந்திருப்பாள். எனக்குப் பல்லி ஞாபகம் வந்தது. பிடித்தபின் வாயைத் திறக்காதே. "வூட்ல இன்னொண்ணு இருக்குது. வாங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் பஸ்ஸை விட்டுவிட்டு என் பின்னால் வந்தார். இனி அந்தப் பஸ் அவருக்கு ஒரு பொருட்டா!

எங்கள் தெருவில் திருவிழாக் கூட்டம். பிள்ளையைக் காணோம் என்று பத்து நிமிஷமாக மெஹர் பானு தெருவில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டிருந்தாள். கோட்டை மலையிலிருந்து சிறுத்தை இறங்கி வந்து தூக்கிப் போய்விட்டது என்று எதிர் வீட்டார் முடிவு கட்டியிருந்தார்கள். சிறுத்தையின் வாலைப் பார்த்ததாகச் சொன்னவரும் இருந்தார். ஒரு விதத்தில் அவர்கள் சொன்னது சரி என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை மெஹர் பானு என்னைப் பார்க்கும்வரை நீடித்தது. அவள் ஹுசைனைப் பிடுங்கினாள், கையைப் பார்த்தாள், இளையபெருமாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஒம் புள்ளைக்கு காச்ச வரக் கூடாதுன்னு எம் புள்ளைய எடுத்துக்கினு போயி சோதன பாத்தியாடி?"

"இல்லக்கா, அல்லாமேல ஆணையா எம் புள்ளைன்னு நெனச்சுத்தான்..."

"காலேஜ் படிச்சவளுக்கு எம் புள்ள எது, தம் புள்ள எதுன்னு தெரியல! இதுல பல்லிய வேற பாக்கறா!"

தெரு சிரித்தது. அவள் கேட்டது நியாயம், அண்ணன். அவள் பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் இந்த ஜன்மத்தில் நான் அவள் முகத்தில் விழிக்க முடியாது. அப்போதுதான் மாமி கரண்டியோடு படி இறங்கினார். மாமி ஹுசைனின் கையைத் திருப்பிப் பார்த்தார். சர்தாரின் வெறுங்கையையும் பார்த்தார். பிறகு என்னிடம், "இந்த வூட்ல ஒரு புள்ளைக்கு ஒண்ணு, இன்னொரு புள்ளைக்கு ஒண்ணுன்னு எப்பவாச்சும் நடந்திருக்குதா?" என்று கேட்டார்.

"இல்லீங்க மாமி."

"அப்ப இன்னாத்தப் பாத்துக்கினு நிக்கற? சர்தாரக் கொண்டாந்து கைய நீட்டு. எப்பா, நல்லா அழுத்திக் குத்து. இவனுக்கு கொறச்சலா, அவனுக்கு ஜாஸ்தியான்னு நாளைக்கு பேச்சு வரக் கூடாது."

மெஹர் பானுவே போய்ச் சர்தாரைத் தூக்கி வந்து இடது கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இரண்டு மாதமாக என் வழியை அடைத்து நின்ற சட்டம் கண்ணெதிரே எனக்காக ஓடி வந்து வேலை செய்தது! சர்தார் லாரி கிளப்பினான். அதோடு நிற்கவில்லை. "அவுங்க வூட்ல ரெண்டு பேருக்கும் போட்டாச்சே, எம் புள்ள மட்டும் இன்னா கொறச்சல்?" என்று எதிர் வீட்டுக்காரி கதவைத் திறந்தாள். அவளுக்குப் போட்டதும் அடுத்த வீட்டுக்காரி. கதவுக்குப் பின்னாலும் குதிருக்குப் பின்னாலும் ஒளித்து வைத்திருந்த பிள்ளைகளெல்லாம் வெளியே வந்தன. பகல் சாப்பாட்டுக்குள் பத்தொன்பது பிள்ளைகள்! இளையபெருமாளுக்கு மருந்து தீர்ந்துவிட்டது. போகும்போது எங்கள் கதவில் எழுதியிருந்ததைத் தன் துண்டாலேயே துடைத்து, "எட்டாம் நாள் வந்து கையில கொப்புளம் எழும்பியிருக்குதான்னு பாக்கறேம்மா" என்று எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

இதுதான், அண்ணன், நடந்த விவரம். மெஹர் பானு மூன்று நாளாக என்னிடம் பேசவில்லை. இன்று காலை மட்டும், "உப்பு எங்க?" என்று கேட்டாள், உப்பு ஜாடி அவள் கையில்தான் இருந்தது. சரியாகிவிடும். உங்கள் தங்கை யோசித்துக்கொண்டே நிற்கிறவள் என்று இனி யாரிடமும் சொல்ல வேண்டாம். அண்ணிக்கு என் சலாம், பிள்ளைகளுக்கு என் முத்தம், உங்களுக்கு நீண்ட ஆயுளையும் இந்தக் கடிதத்தை முழுவதும் படிக்கும் பொறுமையையும் அல்லாஹ் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரே பாய்ச்சலில் முடிவெடுக்கும்
தாஹிரா, பி.எஸ்ஸி.

பின்குறிப்பு (18-3-1964):

கடிதத்தை ஒட்டிவிட்டேன். பஸ் ஸ்டாண்ட் தபால் பெட்டியில் போடுவதா, தபால் ஆபீசிலேயே கொண்டுபோய்க் கொடுப்பதா என்று பார்த்ததில் ஆறு நாள் ஆகிவிட்டது. அதுவும் நல்லதுக்கே, பிரித்து இதை எழுதுகிறேன்.

நேற்று இளையபெருமாள் வந்தார். ஹுசைனின் கை முத்துப் போல எழும்பியிருந்தது. இரண்டு நாள் காய்ச்சலில் அவன் கிடந்தபோது நானும் மெஹர் பானுவும் மாறி மாறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தோம். அதில் பேச்சு வந்துவிட்டது. இப்போது அவள் தெருவெல்லாம், "எம் புள்ளைக்குத்தான் நல்லா எழும்பியிருக்குது" என்று காட்டிக்கொண்டு திரிகிறாள். சர்தார் கையில் ஒன்றுமே இல்லை. லேசாகச் சிவந்தது, அடங்கிவிட்டது. நான் வழக்கம்போல அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இளையபெருமாள் யோசித்தார். சர்தாரின் வலது கைச் சட்டையை ஏற்றினார். ஐப்பசியில் திண்டிவனத்துக் கொசு கடித்த இடத்தில் நாலணா அகலத்துக்கு ஒரு குழித் தழும்பு. "அடடே, இது ஏற்கெனவே..." என்று அவர் தொடங்கினார். அண்ணன், தன் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு குடிக்காத உங்கள் மச்சான் பேப்பரை வீசிவிட்டு எழுந்து ஒரு பிஸ்கட்டை அந்த மனிதர் வாயில் வைத்துவிட்டார். "டீ ஆறுது, மொதல்ல சாப்டுங்க" என்றார். இப்படி ஒரு பாய்ச்சலை நான் பருந்திடமும் பார்த்ததில்லை.

தனியாகக் கேட்டபோது சொன்னார்: "ஒங்கிட்ட சொன்னா நீ யோசிப்ப. மெஹர் அண்ணிகிட்ட சொன்னா சண்ட. அம்மாகிட்ட சொன்னா ரெண்டு புள்ளைக்கும் இல்லாமப் பூடும். அதான் திண்டிவனத்துல குத்திக்கினு வந்துட்டேன். இடது கை வெரலச் சப்பிக்கினு வுட மாட்டேன்னுட்டான், வலதுல குத்தினாங்க." திண்டிவனத்துக் கொசுக்களைப் பற்றி நான் எழுதிய பதினொரு பக்கத்தையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஆக, என் மகனுக்காக நான் ஆடிய வேட்டை என் மகனுக்கு வேண்டியதே இல்லை. சின்னப்பொண்ணு கன்னத்தைக் கிள்ளிய நாளில், எங்கள் வீட்டில் அந்த ஊசி வேண்டியிருந்தது ஒரே பிள்ளைக்கு. அவனைத்தான் தப்பாகத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

ஒரு வேண்டுகோள். இதை அங்கே அண்ணியிடம்கூடச் சொல்ல வேண்டாம். இப்போது சர்தாருக்கு இரண்டு, ஹுசைனுக்கு ஒன்று. மாமிக்குத் தெரிந்தால் இளையபெருமாளைத் தேடி இன்னொரு தடவை நான் பஸ் ஸ்டாண்டுக்கு ஓட வேண்டியிருக்கும். பிடித்தபின் வாயைத் திறக்கக் கூடாது என்று சமையலறைப் பல்லியைப் பார்த்து நோட்டில் எழுதினேன். கூடத்தில் ஐந்து மாதமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பல்லியை நான் கவனிக்கவில்லை.